ரோஸிக்குப் பின்னால் ஒரு நரி

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஒரே ஒரு படப் புத்தகம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் ‘ரோஸிஸ் வாக்’கைத்தான் சொல்வேன். இங்கிலாந்தில் பிறந்த பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்தது, 1968இல் வெளிவந்தது. மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோஸி என்ற கோழி பண்ணையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடுகிறது. பின்னாலேயே வரும் நரியைப் பற்றி எழுத்து மூச்சே விடாது. நரி படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நரி பாயத் தயாராகிறது. அது விழப்போகும் இடத்தில் சருகு வாரும் கோல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் கோலின் பிடி எழும்பி நரியின் முகத்தில் அறைகிறது. காரணம் முந்தின பக்கத்திலேயே கண்ணெதிரே கிடந்தது. மாவு மில்லில் இன்னும் நுட்பம். மேலே தொங்கும் மூட்டையின் கயிறு ரோஸியின் காலில் சுற்றியிருக்கிறது. கோழிக்கும் தெரியாது, நரிக்கும் தெரியாது. மடியில் உட்கார்ந்திருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கயிற்றின் மேல் விரல் வைத்து மூட்டைவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் பக்கத்தைத் திருப்ப விடும்.

கோழி நடப்பது இடமிருந்து வலமாக. நாளைக்கு வரிகளைத் தொடரப்போகும் கண்ணுக்கு அந்தத் திசை இப்போதே பழகிவிடுகிறது.

எது முன், எது பின் என்று படங்களை அடுக்கப் பழக்குவதற்காகக் கடையில் கிடைக்கும் வரிசை அட்டைகள் பலவும் எனக்கு நிறைவு தருவதில்லை. பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது என்று அடுக்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுக் குளிக்கும் வீட்டுப் பிள்ளை மாற்றி அடுக்கினால் தப்பா? அது வெறும் வீட்டு வழக்கம். ஒன்றால் இன்னொன்று நடப்பதில்லை. ரோஸியின் கடைசிப் பக்கங்களோ அப்படியல்ல. வேலி தாண்டும் நரி வண்டிக்குள் விழுகிறது, வண்டி உருண்டு தேனீப் பெட்டிகளில் இடிக்கிறது, தேனீக்கள் நரியைத் துரத்துகின்றன. ஒன்றைக்கூட இடம் மாற்ற வழியில்லை.

இந்தக் கட்டங்களை நாமே அட்டையில் வரையலாம். ஓவியம் சுமாராக இருந்தாலும் போதும். எல்லா அட்டையிலும் அது அதே நரி என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அட்டைகளைக் கலைத்துப் போட்டு, ‘அப்புறம் என்ன?’ என்று கேட்பது வழக்கம். எனக்குப் பிடித்தது தேனீ அட்டையை மட்டும் கையில் கொடுத்து, ‘இதுக்கு முன்னாடி என்னடா கண்ணு நடந்துச்சு?’ என்று கேட்பது. பின்னோக்கிப் போவது சின்னப் பிள்ளைகளுக்குச் சிரமம். வண்டி அட்டையைப் பிள்ளை தானாகத் தேடி எடுத்து வைக்கும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது.