எழுதி வைக்காத கடன்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வாங்கிய பணமும் கடன்தான். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன்தான். முதலாவதற்குப் பத்திரம் உண்டு, சாட்சி உண்டு, கோர்ட்டு உண்டு. இரண்டாவதற்கு மனச்சாட்சியை விட்டால் வேறு நாதி கிடையாது. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் இரண்டாம் அத்தியாயம் இந்த இரண்டாவது கடனைப் பற்றியது என்பது என் கருத்து.

கதை நமக்குப் புதிதல்ல. 2000இல் வந்த ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இதைத் தழுவியதுதான். ஆனால் படத்தில் தாயார் அந்த வீட்டுப் பெண்; உயில் சொத்தை அவருடைய சகோதரனுக்குக் கொடுத்துவிடுகிறது. பழி உயிலின் மேல் போய்விடுகிறது. நாவலிலோ உயில் ஆரம்பம் மட்டுமே.

சஸெக்ஸ் பகுதியில் நார்லாண்ட் என்ற எஸ்டேட். ஹென்றி டாஷ்வுட்டுக்கு அது பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. ஆனால் அனுபவிக்கலாமே தவிர, மனைவிக்கோ பெண்களுக்கோ பிரித்துத் தர முடியாதபடி உயில் கட்டிப்போட்டிருந்தது. அவருக்குப் பின் எல்லாம் மூத்த தாரத்து மகன் ஜானுக்கும் அவனுடைய சின்னப் பையனுக்கும். மூன்று பெண்களுக்குத் தலா 1,000 பவுண்டு. ஹென்றியின் சொந்தப் பணம் 7,000. ஆக, விதவைக்கும் மூன்று பெண்களுக்கும் மொத்தம் 10,000. வட்டி ஆண்டுக்கு 500.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் 'டவர்' என்ற உரிமை இங்கிலாந்து விதவைக்குப் பழங்காலம் தொட்டே இருந்தது. ஆனால் கணவனுக்கே ஆயுள் அனுபவம் மட்டும்தான் என்றால், விதவைக்கு அதில் ஒன்றும் கிடையாது. பெரிய குடும்பங்களில் கல்யாண ஒப்பந்தத்திலேயே 'ஜாயிஞ்சர்' என்று ஓர் ஆண்டுத்தொகையைக் குறித்து, டவர் உரிமையை அடைத்துவிடுவார்கள். நிலம் சிதறக்கூடாது, அவ்வளவுதான். கடன்காரர்களுக்கும் இதே கதி. உயிலில் எழுதியிருந்தாலொழிய, செத்தவர் வைத்த தையல்காரர் பாக்கிக்கும் மளிகை பாக்கிக்கும் வாரிசின் நிலத்தைத் தொட முடியாது. வியாபாரிகள் விஷயத்தில் 1807இலும் மற்றவர்கள் விஷயத்தில் 1833இலும்தான் அது மாறியது. விதவையிடமிருந்தும் கடன்காரரிடமிருந்தும் நிலத்தைக் காப்பாற்றிய சட்டம் அது.

ஆகவேதான் ஹென்றி சாகும் தறுவாயில் மகனைக் கூப்பிட்டு, இவர்களைப் பார்த்துக்கொள் என்கிறார். ஜானும் வாக்குக் கொடுக்கிறான். தங்கைகளுக்குத் தலா 1,000 தருவதாக மனசுக்குள் முடிவும் செய்கிறான். அப்புறம் மனைவி ஃபேனியோடு பேசுகிறான். 3,000 பவுண்டு 1,500 ஆகிறது. 1,500, தாயாருக்கு ஆண்டுக்கு 100 என்று ஆகிறது. அதுவும் எப்போதாவது 50 என்று சுருங்குகிறது. கடைசியில் சாமான் ஏற்றிவிட ஒத்தாசையும், பருவத்துக்கு மீனும் வேட்டைக்கறியும் போதும் என்று முடிகிறது.

ஃபேனியைத் திட்டிவிட்டு நகர்வது வாசகர் வழக்கம். மருமகள்தானே கெடுத்தாள் என்று நம் வீடுகளிலும் சொல்வோம். ஆனால் அத்தியாயத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாதியாக்கலாம் என்பது ஜான். ஆண்டுத்தொகை என்பது ஜான். அவ்வப்போது 50 என்பதும் ஜானேதான். ஃபேனி ஆட்சேபம் சொல்கிறாள். தொகையைக் குறைப்பது அவன். நார்லாண்டின் வருமானம் ஆண்டுக்கு 4,000. முதலில் நினைத்த 3,000 ஒரு வருஷ வரும்படிகூட இல்லை! கொடுத்தால் என்ன குறைஞ்சு போயிடும்? ஒன்றும் குறையாது. ஆனால் பேச்சு தொடங்கியதுமே அப்பாவுக்குத் தீர்க்கவேண்டிய கடன், தங்கைகளுக்குப் போடும் தானமாக மாறிவிட்டது. தானம் என்றால் அளவு கொடுப்பவன் இஷ்டம். ஆஸ்டின் ஒரு வார்த்தை கண்டிக்காமல் இதைக் காட்டிவிடுகிறார்.

அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று ஜானுக்கு வக்காலத்து வாங்க முடியாது. 1805இல் ஆஸ்டினின் தந்தை இறந்தபோது, பாதிரியாராக அவர் பெற்ற வருமானமும் நின்றது. எட்வர்ட் ஆண்டுக்கு 100 பவுண்டு, ஜேம்ஸ், ஹென்றி, ஃபிராங்க் தலா 50 என்று சகோதரர்கள் தாய்க்கும் சகோதரிகளுக்கும் ஏற்பாடு செய்தார்கள். எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. 1809இல் எட்வர்ட் சாட்டனில் வீடும் கொடுத்தார்.

எழுதி வைத்ததன் பலனுக்கும் அதே குடும்பத்தில் உதாரணம் உண்டு. அது நம் கடலூரில் தொடங்குகிறது. ஆஸ்டினின் அத்தை பிலடெல்ஃபியா 1752இல் கப்பலில் சென்னை வந்து, மறுவருஷம் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை மருத்துவர் ஹான்காக்கை மணந்தார். ஹான்காக் 1775இல் கல்கத்தாவில் இறந்தபோது அவர் சொத்தைக் கடன்களே விழுங்கிவிட்டன. லண்டன் பக்கம் இருந்த தாயும் மகளும் தப்பியது, வாரன் ஹேஸ்டிங்ஸ் 10,000 பவுண்டை டிரஸ்டாக எழுதி வைத்திருந்ததால். கடன்காரர்கள் அதைத் தொட முடியவில்லை.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. திருமதி டாஷ்வுட்டைச் சேமிக்கத் தெரியாத, கனவு காண்கிற பெண்மணியாக ஆஸ்டின் லேசாகக் கேலி செய்கிறார். டெவன்ஷயரில் ஒரு உறவினர் தயவில் வீடு கிடைக்கிறது. பெண்கள் கல்யாணத்தில் கதை சுபமாகிறது. வஞ்சிக்கப்பட்ட தாயின் கோபத்துக்கு இடம் குறைவு. ஆனால் ஜானுக்குத் தண்டனை இல்லாததைக் குறை சொல்ல மாட்டேன். அவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. கடைசிவரை தன்னை நல்ல அண்ணனாகவே நினைத்துக்கொள்கிறான். நாவலின் உண்மை அங்கே இருக்கிறது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் விதவைக்குப் பிள்ளைகளோடு சம பங்கு உண்டு. எழுதிய கடனுக்கு வழி பிறந்துவிட்டது. எழுதாத கடனோ இன்னும் புருஷன் பெண்டாட்டி ராத்திரியில் தனியாகப் பேசும் பேச்சில்தான் தீர்கிறது, அல்லது தேய்கிறது. ஊரிலிருக்கும் அம்மாவைப் பற்றி அடுத்தமுறை வீட்டில் கணக்குப் பேசும்போது, முதல் தொகையைக் குறைத்தது யார் என்று நாமே கவனித்துக்கொள்வது நல்லது.