கங்காவிடம் யாரும் சொல்லவில்லை

'சந்திரமுகி'யை டி.வி.யில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? அடுத்த தடவை ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அமெரிக்கா ரிட்டர்ன் மனநல டாக்டர் சரவணன் (ரஜினி), கங்காவின் வியாதியை அவள் புருஷனிடம் விளக்குகிறார். மந்திரவாதி ஆச்சார்யாவிடம் விளக்குகிறார். நமக்கும் விளக்குகிறார். கங்காவிடம் மட்டும், சிகிச்சை முடிகிறவரை யாரும் மூச்சு விடுவதில்லை. அவள் ஆடவேண்டும், பொம்மையைப் பழிவாங்க வேண்டும், மயங்கி விழவேண்டும். எழுந்தால் குணம்!

2005-ல் வந்த அந்தப் படத்தைக் குறை சொல்ல எனக்கு முழு மனசில்லை. பேய் என்று பயந்த வீட்டில், 'இது பேய் இல்லைய்யா, வியாதி' என்று சூப்பர் ஸ்டார் வாயால் சொல்ல வைத்தது பெரிய காரியம். ஆனால் கூடவே ஒரு தப்பான பாடமும் போய்ச் சேர்ந்தது. மனநல டாக்டர் என்றால், ஆள் கொலைவெறியில் கட்டிலைத் தூக்கும்போது கூப்பிட வேண்டியவர். அதே வருஷம் வந்த 'அந்நிய'னில் இன்னும் மோசம். வரிசையாகக் கொலை விழுந்த பிறகுதான் அம்பியை நாசரிடம் கூட்டிப் போகிறார்கள்.

சரி, கொலை செய்யாதவர் எங்கே போவது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து, எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கிக்கொண்டு நெமிலிச்சேரியில் இறங்குகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணையை ஒழுங்காகக் கட்டுகிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. பையன் பென்சிலைத் தொலைத்தால் கை ஓங்குகிறார். மறுநாள் அழுகை வருகிறது. கவுன்சலிங் போங்களேன் என்றால், "என்னை என்ன கீழ்ப்பாக்கம் கேஸுனு நினைச்சியா?" என்பார். 1794-ல் தொடங்கிய ஓர் ஆஸ்பத்திரி இருக்கிற பாவத்துக்கு, ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொரு பதிலும் வரும். "அட்வைஸ் பண்ணத்தான் எங்க மாமா இருக்காரே!" கவுன்சலிங்கை 'ஆலோசனை' என்று மொழிபெயர்த்ததன் வினை இது. நல்ல கவுன்சலர் அட்வைஸே செய்ய மாட்டார். கேள்வி கேட்பார், காத்திருப்பார். சிலர் வீட்டுப்பாடம்கூடத் தருவார்கள். எப்போதெல்லாம் கோபம் வந்தது, அதற்கு முந்தின நிமிஷம் மனசில் என்ன ஓடியது என்று நோட்டில் எழுத வேண்டும். (பி.காம். படித்தவர்களுக்குப் புரியும்: முதலில் நாளேடு, பேரேடு அப்புறம்.) 1960களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் வளர்த்தெடுத்த முறை இது. நாலு வாரம் எழுதினால், பையனின் பென்சிலுக்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்கே தெரியவரலாம். மாமாவிடம் இது நடக்காது. மாமாவுக்கு வீட்டுக் கடன் விஷயத்தில் ஏற்கெனவே ஒரு கட்சி உண்டு. சொன்னது சாயங்காலத்துக்குள் அத்தைக்கும் போய்விடும்.

இதைத் திரையில் ஓரளவு சரியாகக் காட்டியது 2016-ல் வந்த 'டியர் ஜிந்தகி' என்ற இந்திப் படம். கேமராவுமனான ஆலியா பட்டுக்குத் தூக்கம் வரவில்லை, காதல் நிலைக்கவில்லை. அவ்வளவுதான் வியாதி. டாக்டர் ஷாருக் கான் எதிரே உட்கார்ந்து பேசுகிறார், நிறையக் கேட்கிறார். பேஷண்ட்டை பீச்சுக்கு அழைத்துப் போவதெல்லாம் சினிமா. நிஜத்தில் அறைக்குள்ளேதான் பேச்சு. ஆனால் கடைசியில் அவர் சிகிச்சையை முடித்து, அவளை வழியனுப்பி வைப்பது நிஜம். ஆயுசு முழுக்க அலையவிடுகிற சமாசாரம் இல்லை இது.

கோவாவில் பணக்காரர்கள் செய்துகொள்வது, நமக்குக் கட்டுப்படியாகாது என்கிறீர்களா? தனியாரிடம் போனால் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் இருக்கிறது. 14416-ஐ ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஷாருக் கான் எடுக்கமாட்டார், அவ்வளவுதான்.