ஆறாத புண்கள்: ஹரோல்ட் டிவோராக்கின் புற்றுக்கட்டி ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

ஹரோல்ட் எஃப். டிவோராக் (பிறப்பு: 1937) அமெரிக்க நோயியல் அறிஞர். பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் நோயியல் துறைத் தலைவராகவும் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் பேராசிரியராகவும் பணியாற்றியவர். புற்றுக்கட்டிகள் தமக்கு வேண்டிய இரத்தக் குழாய்களையும் தாங்குதிசுவையும் எவ்வாறு பெறுகின்றன என்பதே அவருடைய ஆய்வுகளின் மையம். 1986இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த 'கட்டிகள்: ஆறாத புண்கள்' என்ற கட்டுரை அவற்றுள் மிகவும் அறியப்பட்டது. அக்கட்டுரை நிறுவியது எது, அதன் பெயரால் மற்றவர்கள் நிறுவ முயன்றது எது என்று பிரித்துப் பார்ப்பதே இம்மதிப்பீட்டின் நோக்கம்.

பின்னணி

புண்ணுக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் பழையது. ருடால்ஃப் விர்ச்சோ 1863ஆம் ஆண்டளவில் நாட்பட்ட அழற்சி நிலவும் இடத்தில் புற்று தோன்றுவதைக் குறிப்பிட்டார். ஸ்டீபன் பேஜெட் 1889இல் புற்றுச் செல்லை விதையாகவும் அது சென்று படியும் உறுப்பை மண்ணாகவும் கண்டார். அலெக்சாண்டர் ஹாடோ 1972இல், புற்று என்பது அளவு மீறிய ஆறுதலாக இருக்கலாமோ என்று கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டில் ஜூடா ஃபோக்மன், புதிய இரத்தக் குழாய்கள் இல்லாமல் கட்டி வளர முடியாது என்றும் அவற்றைத் தடுப்பதே சிகிச்சையாகலாம் என்றும் எழுதினார்.

டிவோராக் இக்கேள்விக்கு வந்த வழி வேறு. காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில், இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்துக் கெட்டியாகும். தாமதித்துத் தோன்றும் இவ்வகை ஒவ்வாமையை அவர் முதலில் ஆராய்ந்தார். குழாய்களிலிருந்து கசிந்த பிளாஸ்மா உறைந்து ஃபைப்ரினாகப் படிவதே அந்தக் கெட்டித்தன்மைக்கு முக்கியக் காரணம் என்று அவர் குழு கண்டது. பிறகு அதே ஃபைப்ரினைக் கட்டிகளைச் சுற்றியும் பார்த்தனர். 'இங்கே குழாய்கள் ஏன் கசிகின்றன?' என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

1983: கசியவைக்கும் புரதம்

டொனால்ட் செங்கர், டிவோராக் முதலியோர் 1983இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு விடை தந்தது. கினிப்பன்றி முதலிய விலங்குகளின் வயிற்றில் கட்டிச் செல்கள் வளரும்போது நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நீரிலும், செல்களை வளர்த்த ஊடகத்திலும், நுண்குழாய்களை விரைவாகக் கசியவைக்கும் ஒரு புரதம் இருந்தது. ஹிஸ்டமினைவிடப் பல்லாயிரம் மடங்கு வீரியமுள்ள அதற்கு விபிஎஃப் என்று பெயரிட்டனர். நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் 1989இல் விஇஜிஎஃப் என்ற, இரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதத்தை அறிவித்தனர். இரண்டும் ஒரே மூலக்கூறு என்பது அவ்வாண்டிலேயே தெளிவாயிற்று. கசிவை ஆராய்ந்தவர்களும் வளர்ச்சியை ஆராய்ந்தவர்களும் இரு வேறு வழிகளில் ஒரே இடத்தை அடைந்தனர்.

1986: கட்டுரையின் வாதம்

வெட்டுக்காயம் ஆறும் வரிசையை எண்ணிப் பார்க்கலாம். குழாய் கசிகிறது, பிளாஸ்மா உறைந்து ஃபைப்ரின் வலை உண்டாகிறது, அவ்வலையைப் பற்றிக்கொண்டு அழற்சிச் செல்களும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும் புதிய குழாய்களும் உள்ளே வருகின்றன, பின்னர் வலை கரைந்து, அந்த இடத்தில் கொலாஜன் நிரம்பித் தழும்பாகிறது. கட்டியைச் சுற்றிலும் இதே வரிசை நடக்கிறது என்பதே டிவோராக்கின் வாதம். வேறுபாடு ஒன்றே. காயம் ஆற ஆற, கசியவைக்கும் புரதம் குறைந்து வேலை முடிகிறது. கட்டியோ அப்புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உடல் ஆற்ற முயல்கிறது, ஆற்றி முடிவதில்லை. அந்த முயற்சியின் பயனையெல்லாம் கட்டி எடுத்துக்கொள்கிறது.

ஆய்வின் சிறப்பு

இக்கட்டுரையின் முதல் சிறப்பு, பார்வையைத் திருப்பியது. மார்பகப் புற்றில் சிலவகைக் கட்டிகள் கல்போல் இருப்பதற்குக் காரணம் புற்றுச் செல்கள் மட்டும் அல்ல. உடலே அங்கு கட்டித் தந்த தாங்குதிசு. நுண்ணோக்கியின் கீழ் ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்த அதனை, நோயின் பங்காளியாகப் படிக்கவைத்தவர்களில் டிவோராக் முக்கியமானவர். கட்டியின் சுற்றுச்சூழல் என்று இன்று பேசப்படும் துறைக்கு இக்கட்டுரை ஓர் அடித்தளம்.

இரண்டாவது சிறப்பு, உவமையைச் சோதிக்கத்தக்கதாக ஆக்கியது. 'விதையும் மண்ணும்' எதையும் அளக்கச் சொல்லவில்லை. 'ஆறாத புண்' என்பதோ கசிவு, ஃபைப்ரின், குழாய், கொலாஜன் என்று ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லி, சோதித்துப் பாருங்கள் என்கிறது.

எல்லைகள்

இந்த ஒப்புமை எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. நுரையீரலிலும் மூளையிலும் சில கட்டிகள் புதிய குழாய்களை உண்டாக்காமல், இருக்கும் குழாய்களைச் சுற்றியே வளர்கின்றன. ஆய்வின் ஆதாரங்களில் பெரும்பகுதி விலங்குகளில் பதியமிடப்பட்ட, வேகமாக வளரும் கட்டிகளிலிருந்து வந்தது. மனிதரில் பல ஆண்டுகள் மெல்ல வளரும் கட்டியை அப்படியே அதில் காண முடியாது.

தாங்குதிசு கட்டிக்குத் துணை என்ற எண்ணமும் பாதி உண்மையே. 2014இல் கணையப் புற்றுள்ள எலிகளைக் கொண்டு வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், தாங்குதிசுவைக் குறைத்தபோது நோய் இன்னும் மூர்க்கமானது. தழும்பு கட்டிக்கு உணவூட்டும் இடமாக மட்டுமன்றி அதற்கு வேலியாகவும் இருக்கிறது.

சிகிச்சையில்தான் எதிர்பார்ப்பு மிகுந்து போயிற்று. விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் 2004இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான சோதனையில் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாகியது. பயன் உண்மையானது, குணம் அல்ல. மார்பகப் புற்றுக்கு 2008இல் தந்த அனுமதி 2011இல் திரும்பப் பெறப்பட்டது. டிவோராக்கே 2015இல் தம் கட்டுரையை மறுபார்வை செய்து, கட்டிக் குழாய்கள் ஒரே வகையல்ல, அவற்றில் சில விஇஜிஎஃப்பைத் தடுத்தாலும் நிலைத்து நிற்கின்றன என்று எழுதினார். தம் உவமையின் வரம்பைத் தாமே குறித்தது ஆய்வாளருக்குரிய நேர்மை. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் தெளிவான வெற்றி கண்டது விழித்திரை நோய்களில். அங்கே பார்வையைக் கெடுப்பது குழாய்க் கசிவேயாதலால் 1983இன் கண்டுபிடிப்பு நேராகப் பயன்பட்டது.

தலைப்பைப் படிக்கும் முறை

தமிழில் இத்தலைப்புக்குத் தனிச் சிக்கல் உண்டு. 'ஆறாத புண்' என்பது புற்றுநோய் விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளில் எச்சரிக்கை அடையாளமாக வரும் தொடர். வாயில் இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது சரியான அறிவுரை. பழைய தீக்காயத் தழும்பில் அரிதாகப் புற்று தோன்றுவதும் உண்மை. ஆனால் டிவோராக் பேசுவது இவை எதையும் அல்ல. புண் புற்றாகிறது என்று அவர் சொல்லவில்லை. புற்று புண்ணைப் போல் நடந்துகொள்கிறது என்கிறார். முன்னது நோயின் காரணம் பற்றியது, பின்னது நோய் நடக்கும் முறை பற்றியது.

இந்த வேறுபாடு தவறினால் விளைவு சிறியதல்ல. 'அடிபட்டதால் வந்தது', 'கத்தி பட்டால் பரவும்' என்ற அச்சத்தால் திசுச் சோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்துக்கு இக்கட்டுரையைச் சான்று காட்ட முடியாது.

மதிப்பீடு

டிவோராக்கின் ஆய்வு புற்று ஏன் தொடங்குகிறது என்று விளக்கவில்லை; மரபணு மாற்றங்களின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவும் இல்லை. தொடங்கிய புற்று எப்படி உடலின் நல்ல பழக்கம் ஒன்றைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது என்பதை அது விளக்கியது. அந்த அளவில் அதன் வாதம் இன்றும் நிற்கிறது. நோயியல் பயிலும் மாணவர்கள் 1983, 1986, 2015 ஆகிய மூன்று கட்டுரைகளையும் இதே வரிசையில் படிப்பது நல்லது. ஒரு கண்டுபிடிப்பு கருத்தாக விரிவதையும், அக்கருத்து முப்பதாண்டு அனுபவத்தில் தன் எல்லையை உணர்வதையும் அவற்றில் காணலாம்.