அலட்டாத நால்வர்

'கிரீன் ஆனியன்ஸ்' இசைத்தட்டு 1962-இல் பதிவானபோது ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு வயது 17. மெம்பிஸ் நகரில் பழைய சினிமா கொட்டகையில் இயங்கிய ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் உருவான அவரது குழு, 'புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.ஸ்'.

அந்த இசைத்தட்டில் பாடகர் குரலே கிடையாது. ஆர்கன் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே நடக்கிறது. நடுவில் ஸ்டீவ் கிராப்பரின் கிடார் சுருக்கென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த ஒதுங்கலுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கலாம். இன்னொருவராக இருந்தால் அந்த இடைவெளியையும் விரல் வித்தையால் அடைத்திருப்பார். அல் ஜாக்சனின் டிரம்ஸிலோ ஒரு அடிகூட மிகையில்லை.

ஓட்டிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ் பாட்டுகளுக்குப் பின்னணியில் வாசித்ததும் இவர்களே. பாடியவர்களுக்குக் கிடைத்த பேரில் பாதிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

நிறவெறி கோலோச்சிய ஊர் மெம்பிஸ். அங்கேதான் பின்னாளில் பாஸ் கிடாருக்கு டொனால்ட் 'டக்' டன் வந்து சேர, குழுவில் கறுப்பர் இருவர், வெள்ளையர் இருவர். 'தி புளூஸ் பிரதர்ஸ்' (1980) படத்தில் கிராப்பரையும் டன்னையும் பார்க்கலாம். டன் வாயில் புகைக்குழாயோடு சாவகாசமாக வாசிப்பார்.