வாயிலில் நின்ற ரீட்டா

1980-இல் மேடையேறிய ‘எஜுகேட்டிங் ரீட்டா’ என்னும் ஆங்கில நாடகத்தில் மாந்தர் இருவரே: சிகையலங்காரத் தொழில் செய்யும் 26 வயது ரீட்டா, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியே அவளுக்கு இலக்கியம் கற்பிக்கும் குடிகார ஆசிரியர் பிராங்க். ஆசிரியர் வில்லி ரசலும் 15 வயதில் பள்ளி நீங்கி, அத்தொழிலையே செய்து, பின்னர் மீண்டும் கற்றவர்.

நம் நெஞ்சை விட்டகலாதது ரீட்டா தன் வாயாற் கூறும் ஒரு நிகழ்ச்சி. பிராங்க் வீட்டு விருந்துக்குச் சென்றவள், தான் வாங்கிய திராட்சை மது அவ்விடத்திற்கு ஏலாதென அஞ்சி, சன்னலருகே நின்று திரும்பிவிடுகிறாள். தன் சுற்றத்தார் கூடிப் பாடும் மதுக்கடையிலும் மனம் ஒட்டவில்லை. ஆயின் பாட்டிடையே தாய் அழுகிறாள். இவற்றினும் நல்ல பாட்டு வேண்டுமென்னும் ஏக்கம் அவளுக்கும் உண்டு! அக்கண்ணீரே மகளை மீண்டும் படிக்க அனுப்புகிறது. ஊர்விட்டு வந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ரீட்டாவின் இயல்பான பேச்சைக் கல்வி கெடுத்ததாகப் பிராங்க் வருந்துகிறார்; பிராங்கன்ஸ்டைனைப் படைத்த மேரி ஷெல்லியோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். அவள் சில காலம் இரவற் கருத்துகளைப் பேசியது மெய்யே. எனினும் பிராங்கின் புலம்பலை நாம் ஏற்பதற்கில்லை. சுவர் நிறைய நூல் வைத்திருப்பவர், பிறர் அறியாமையை அழகென்று போற்றுதல் தன்னலமன்றி வேறென்ன? பிரான்சுக்குச் செல்வதா, தாய்வீடு செல்வதா என்பதை இறுதியில் ரீட்டா எவரையும் கேட்கவில்லை. பிராங்கை நாற்காலியில் அமர்த்தி முடி வெட்டத் தொடங்குகிறாள்.