நாற்பதுக்கு வெளியே நின்றவர்கள்

2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை முடிவதற்குள் தீர்ப்புரையும் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. திமுக அணிக்குத் தமிழ்நாட்டில் 39, புதுச்சேரியில் 1. ‘நாற்பதும் நமதே’ என்ற முழக்கம் மெய்யானது. அதன்பின் வந்த மேடைப் பேச்சும் தொலைக்காட்சி விவாதமும் ஒரே கருத்தையே சுற்றிச் சுற்றி வந்தன: தமிழ்நாடு ஒரே குரலில் பேசிவிட்டது. அந்தக் கருத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன். திமுக அணி வென்றது நேர்மையான வெற்றி. அதில் எனக்கு ஐயமில்லை. அந்த வெற்றியை அளந்த மரக்கால்தான் பொய் சொல்கிறது.

தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றாலும் அவரே உறுப்பினர் என்ற இந்த முறைக்கு நன்மைகள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ‘எங்க எம்.பி.’ என்று விரல் நீட்டிக் கேள்வி கேட்க ஓர் ஆளைத் தருகிறது. தனித்து வெல்ல முடியாத கட்சிகளை அணி சேரவைக்கிறது. விடுதலைச் சிறுத்தைகளும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் தலா இரண்டு இடங்களோடு மக்களவைக்குப் போனது அந்த அணி அரசியலால்தான். முரண்பட்ட கட்சிகளை ஆண்டுக்கணக்கில் ஒரே மேடையில் நிறுத்திவைத்த திமுக தலைமையின் உழைப்பும் பெரிது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

இனி கணக்கு. தமிழ்நாட்டில் திமுக அணி பெற்ற வாக்கு ஏறத்தாழ 47 விழுக்காடு. அதிமுக அணிக்கு 23, பாஜக அணிக்கு 18, நாம் தமிழர் கட்சிக்கு 8. நூறு பேர் வாக்களித்தால் 47 பேர் ஒரு பக்கம். 53 பேர் அந்தப் பக்கம் இல்லை. அந்த 47 பேருக்கு 39 இடம். மற்ற 53 பேருக்கு ஒன்றுகூட இல்லை. அதிமுகவுக்கு மட்டும் விழுந்தவை சுமார் 89 லட்சம் வாக்குகள். அத்தனை வாக்குக்கும் மக்களவையில் ஒரு நாற்காலி கிடையாது. ஒன்றேகால் விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற முஸ்லிம் லீக்குக்கு ஓர் இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் எட்டு விழுக்காடு பெற்ற கட்சிக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டால், இந்த முறையிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு: அவர்கள் யாரோடும் சேரவில்லை.

அப்படியானால் இங்கே அளக்கப்படுவது மக்கள் ஆதரவா, எதிரணியின் பிளவா? தருமபுரியைப் பாருங்கள். திமுக வேட்பாளர் 4.32 லட்சம் வாக்கு பெற்று வென்றார். பாமகவின் சௌமியா அன்புமணி 4.11 லட்சம். மூன்றாவதாக வந்த அதிமுக வேட்பாளர் 2.93 லட்சம். பதிவான வாக்கில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியவர் அத்தனை பேருக்கும் பிரதிநிதி. விருதுநகரில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூருக்கும் தேமுதிகவின் விஜயபிரபாகரனுக்கும் இடையில் இருந்தது 4,379 வாக்கு. மூன்றாம் இடத்தில் நின்ற பாஜகவின் ராதிகாவுக்கு விழுந்தது 1.66 லட்சம். பாஜக வாக்கெல்லாம் தேமுதிகவுக்குப் போயிருக்கும் என்று கூட்டிப்பார்க்கும் தொலைக்காட்சிக் கணக்கை நான் நம்புவதில்லை. வாக்காளர் எவர் வீட்டுக் களஞ்சியத்து நெல்லும் இல்லை, அப்படியே அள்ளி வேறு இடத்தில் கொட்ட. ஆனால் இத்தகைய ஒரு முடிவை ‘ஒரே குரல்’ என்று எந்த வாயால் சொல்வது?

வென்றவர் தொகுதி முழுமைக்கும்தானே பிரதிநிதி, தோற்றவருக்குப் போட்டவர்களுக்கும் அவர்தானே மனு வாங்குகிறார் என்று சொல்வார்கள். ரயில் நிறுத்தத்துக்கும் மேம்பாலத்துக்கும் அது சரி. மக்களவையில் ஒரு சட்டத்துக்குக் கை தூக்கும்போது அவர் தன் கட்சியின் கொறடா சொன்னபடிதான் தூக்குவார். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபின் வேறு வழியும் இல்லை. அந்தக் கையில் 53 பேரின் விரல் ஒன்றும் இல்லை.

இது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. 2014-ல் தனித்து நின்ற அதிமுக 44 விழுக்காட்டுக்கு 37 இடங்களை அள்ளியது. 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற திமுகவுக்குச் சுழி. ‘திமுகவின் கதை முடிந்தது’ என்று அன்று எழுதினார்கள். இரண்டே ஆண்டில் அதே கட்சி 89 சட்டமன்ற உறுப்பினர்களோடு எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. 2019-ல் அதிமுகவுக்குத் தேனி மட்டும் மிஞ்சியது. அதன் கதையையும் முடித்தார்கள். 2021-ல் 66 பேரோடு அது சட்டமன்றத்தில் இருந்தது. கட்சிகள் சாகவில்லை, வாக்காளர்கள் எங்கும் ஓடிவிடவில்லை. இடக்கணக்கு அவர்களை மறைத்தது, அவ்வளவுதான். மறைத்ததைப் பார்த்து இரங்கற்பா எழுதினோம்.

இதைவிட என்னை வருத்துவது இந்த முறை வாக்காளரின் மனத்தில் செய்திருக்கும் வேலை. ‘அவனுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்’ என்று தேநீர்க் கடையில் எவ்வளவு இயல்பாகச் சொல்கிறோம்! தனக்குப் பிடித்தவருக்கு வாக்களிப்பது வீண் என்று ஒரு குடிமகனை நம்பவைக்கும் முறையை எப்படி மக்களாட்சியின் அணிகலன் என்பது? தனியாக நிற்பவர் உடனே ‘ஓட்டைப் பிரிக்க வந்தவர்’, ‘பி டீம்’ ஆகிவிடுகிறார். கொள்கையோடு நிற்பதே குற்றச்சாட்டு ஆகிறது. தொகுதிப் பங்கீட்டு அறையில் நாலு பேர் கூடிக் கையெழுத்திடும் நாளன்றே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் நாம் வரிசையில் நிற்கிறோம்.

எட்ட நின்று பார்த்தால் நம் இரட்டை அளவுகோல் இன்னும் தெளிவாகத் தெரியும். 2014-ல் பாஜக 31 விழுக்காட்டு வாக்கோடு தனிப்பெரும்பான்மை பெற்றபோது, ‘நூற்றில் 69 பேர் ஏற்காத ஆட்சி’ என்று சரியாகவே சொன்னோம். 2024-ல் மத்தியப் பிரதேசத்தில் அக்கட்சி 29 இடங்களையும் எடுத்தது; நூற்றுக்கு 32 பேர் வாக்களித்த காங்கிரஸுக்கு ஒன்றும் இல்லை. அங்கே அதை அநீதி என்கிறவர்கள் இங்கே அதையே இன எழுச்சி என்கிறார்கள். போபாலில் பொய் சொல்லும் மரக்கால் சென்னைக்கு வந்தால் மெய் பேசுமா?

இந்த மரக்கால் எதுவரை கொண்டுபோய் விடும் என்பதைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் கண்டோம். இலங்கையில் 1977-ல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றே தாண்டிய வாக்குக்கு 168-ல் 140 இடங்களைப் பெற்றது. முப்பது விழுக்காட்டுக்கு நெருங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடம். அந்த ஆறில் ஐந்து பங்கு பலத்தோடுதான் வென்ற கட்சியின் தலைவர் ஜெயவர்தனா அரசியலமைப்பையே மாற்றி எழுதினார். 1982-ல் பொதுத்தேர்தலைத் தவிர்த்து, வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். மக்கள் தராத பலத்தைத் தேர்தல் முறை தந்துவிட்டால் அதைக் கையில் வாங்கியவர் சும்மா இருப்பதில்லை.

அரசமைப்பு அவையில் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவக் கோரிக்கை எழுந்தபோது அம்பேத்கர் மறுத்தார். எழுத்தறிவு போதாது, நிலையான அரசு அமையாது என்பவை அவர் சொன்ன காரணங்கள். நூற்றுக்கு இருபது பேருக்குக்கூடப் படிக்கத் தெரியாதிருந்த நாட்டில் அது பொறுப்பான பதில். இன்று முதல் காரணம் இல்லை. இரண்டாவது காரணத்தையும் 1989-க்குப் பிந்தைய கூட்டணி ஆட்சிகள் பாதி கரைத்துவிட்டன. இந்த முறை இருக்கும்போதே அரசுகள் கவிழ்ந்தன, கூட்டணிகளும் ஐந்தாண்டு ஆண்டன. சட்ட ஆணையம் 1999-ல் தந்த 170-வது அறிக்கை நடுவழி ஒன்றைக் காட்டியது: இப்போதுள்ள தொகுதிகள் அப்படியே இருக்கட்டும், கூடுதலாக 25 விழுக்காட்டு இடங்களைக் கட்சிகளின் வாக்கு விகிதப்படி நிரப்பலாம். ‘எங்க எம்.பி.’யும் இருப்பார், 53 பேரும் அவைக்குள் இருப்பார்கள். அந்த அறிக்கை தூசி படிந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டின் 39-ஐ விகிதப்படி பகிர்ந்தால் திமுக அணிக்கு 19, அதிமுக அணிக்கு 9, பாஜக அணிக்கு 7, நாம் தமிழருக்கு 3 என்று ஏறத்தாழ வரும்; மிஞ்சும் ஓர் இடம் பின்னங்களைக் கணக்கிடும் முறையைப் பொறுத்தது. இதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லாத அரசியலுக்கும் இடம் உண்டு. தெரிந்தேதான் கேட்கிறேன். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டு பேர் ஒரு கருத்துக்கு வாக்களித்திருந்தால், அந்தக் கருத்து நாடாளுமன்றத்தில் நம் மொழியிலேயே எழட்டும். அங்கேயே அதற்கு நாம் பதில் சொல்வோம். இல்லாததுபோல் நடித்து எதையும் வென்றதில்லை.

மக்கள்தொகைப்படி தொகுதி மறுவரையறை வந்தால் தமிழ்நாட்டின் குரல் எடை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறோம். நியாயமான அச்சம். எண்ணிக்கையின் பெயரால் ஒரு மாநிலத்தின் குரல் அமுங்கக் கூடாது என்பவர்கள், அதே எண்ணிக்கையின் பெயரால் மாநிலத்துக்குள் பாதிப்பேர் குரல் அமுங்குவதைக் கொண்டாட முடியாது. தோற்றவர் விகிதமுறையைக் கேட்டால் சாக்கு என்பார்கள். 2014-ல் சுழியம் வாங்கிய வலி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள்தான் 2024-ல் நாற்பதும் வாங்கினார்கள். ஆகவே கேட்க வேண்டியவர்கள் அவர்களே. கையில் நாற்பது இருக்கும்போது கேட்டால்தான் அது கொள்கை.