ஐந்து கோப்பைகளும் ஒரு தகரக் குவளையும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒயின் நன்றாக இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, சாப்பாடும் நன்றாகவே இருந்தது. 'காலனியத்தின் கசப்பு நாக்கில் தட்டியது' என்று எழுதினால் தோழர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

இடம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ். கேப் டவுனிலிருந்து கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர். 2023 மார்ச் கடைசி, திராட்சை அறுவடை முடியும் தருவாய். வேறு வேலையாகப் போயிருந்த என்னை 'வாய்யா, ஒரு நாளாவது சந்தோஷமா இரு' என்று நண்பர் ஒருவர் ஒரு ஒயின் பண்ணைக்கு இழுத்துக்கொண்டு போனார். (பண்ணையின் பெயர் வேண்டாம். பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்தாலும் இதே கட்டுரையைத்தான் எழுதியிருப்பேன்.) சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், வளைந்த முகப்பு, ஓக் மரம், புல்வெளி, மர மேசை. மேசைமேல் வரிசையாக ஐந்து கோப்பைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் 'கேப் பாரம்பரிய' உணவு ஒரு வாய். நடுவில் ஒரு சின்ன வாளி. அது துப்புவதற்கு.

வழிகாட்டி ஒரு இளம்பெண். கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கச் சொன்னார். சுழற்றச் சொன்னார், மூக்கை உள்ளே விடச் சொன்னார், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டச் சொன்னார். விழுங்கலாம், துப்பலாம், உங்கள் இஷ்டம். பிறகு ஒரு வட்ட அட்டையைக் கையில் கொடுத்தார். 1984-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் உருவாக்கிய மணச்சக்கரத்தின் ஏதோ ஒரு பேரக்குழந்தை அது. ப்ளாக்கரன்ட், எலுமிச்சை, புல், புகையிலை, தோல் என்று கட்டம் கட்டமாக வாசனைகள். நமக்கு ப்ளாக்கரன்ட்டைக் கண்டதுண்டா? நான் நாவற்பழம் என்றேன். 'அது சக்கரத்தில் இல்லை, ஆனால் சரிதான்' என்று சிரித்தார். ரசனை என்பது வர்க்கத்தின் வேலை என்று பூர்தியூ 1979-இல் எழுதியதை நாமெல்லாம் படித்திருக்கிறோம், அல்லது படித்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். அதைத் திரும்பச் சொல்ல இந்தக் கட்டுரை வேண்டியதில்லை. நான் பேச நினைப்பது வேறு: அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சின் இலக்கணம்.

கவனித்துக் கேட்டால், ஒயினைப் பற்றிய வாக்கியங்களில் செயல்கள் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. மலை காற்றை அனுப்புகிறது. கிரானைட் மண் வேரை ஆழத்துக்குத் தள்ளுகிறது. கடல் பிற்பகலில் கொடியைக் குளிர்விக்கிறது. ஒயின் தயாரிப்பாளர் காத்திருக்கிறார், முடிவெடுக்கிறார். எல்லாம் நிகழ்காலம், எல்லாம் செய்வினை. சரித்திரம் வந்ததும் வாக்கியம் மாறிவிடுகிறது. கொடிகள் நடப்பட்டன. அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். கட்டடம் எழுப்பப்பட்டது. 1834-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. எல்லாம் இறந்தகாலம், எல்லாம் செயப்பாட்டுவினை. மண்ணுக்குக்கூட எழுவாய் ஆகிற உரிமை இருக்கிறது. கத்தரிக்கோல் பிடித்த கைக்கு இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முந்நூறு அடியில் கொடி வரிசைக்குள் ஆட்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்களைப் பற்றி நிகழ்காலத்தில் ஒரு வாக்கியம் கிடையாது. அவர்கள் நிலக்காட்சியாக இருந்தார்கள்.

வழிகாட்டியைக் குறை சொல்லவில்லை. அவருடைய சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையில் குடும்பப் பெயராக இருந்தது ஒரு மாதத்தின் பெயர். கேப் பகுதியில் இப்படிப் பெயர் உள்ளவர்கள் ஏராளம். அடிமைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பெயரைத் தூக்கியெறிந்துவிட்டு மாதத்தின் பெயரை வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அது சந்ததிக்குக் குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது. அதாவது அந்தச் செயப்பாட்டுவினை வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பெரும்பாலும் அந்த வாக்கியங்களுக்குள் இருந்து வந்தவர்.

யான் வான் ரீபெக்கின் தலைமையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் கேப்பில் இறங்கியது. 1659 பிப்ரவரி 2 அன்று கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டதை அவர் தன் நாட்குறிப்பில் பதிந்து வைத்தார். பண்ணைப் பிரசுரங்களில் இந்தத் தேதியைத் தவறாமல் பார்க்கலாம். அதே 1659-இல் நம் பக்கம் என்ன நடந்தது? பீஜப்பூர் படையெடுப்புகளால் தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டுப் பஞ்சத்தில் கிடந்தது. அந்த இரண்டு மூன்று வருடங்களில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் இதே கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கியதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி இலங்கைக்கும், மீதி படாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனது. கேப்புக்கு அந்தக் கப்பல்கள் போகவில்லை. ஆனால் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் சோழமண்டலக் கரை, மலபார், வங்கம் ஆகிய இடங்களிலிருந்து ஆட்கள் கேப்புக்கும் போனார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள் உட்பட எல்லாத் திசையிலிருந்தும் 1652-க்கும் 1808-க்கும் இடையில் கேப்பில் இறக்கப்பட்டவர்கள் சுமார் 63,000 பேர். ஏடுகளில் அவர்கள் இன்னார் 'வான் பெங்காலன்', இன்னார் 'வான் மலபார்', இன்னார் 'வான் கோரமண்டல்'. ஒயின் புட்டியில் பிறப்பிடம் பொறிக்கும் அரசு முறை தென்னாப்பிரிக்காவில் 1973-இல் வந்தது. மனிதர்மேல் பிறப்பிடம் பொறிக்கும் முறை அதற்கு முந்நூறு வருடம் முன்பே வந்துவிட்டது.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கு ஒரு ஆசை கிளம்பும். 'ஆஹா, அங்கேயும் தமிழன்!' அய்யா, கப்பலேறியது சோழனின் கடற்படை அல்ல, பஞ்சத்தில் விலைபோன உடல்கள். வாங்கியவன் டச்சுக்காரன் என்பதைச் சத்தமாகச் சொல்கிறோம். கரையில் கூட்டிக்கொண்டு வந்து விற்ற தரகர்கள் யார், எந்த மொழியில் பேரம் பேசினார்கள் என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை. அந்த வாக்கியத்தை நாமும் செயப்பாட்டுவினையில்தான் வைத்திருக்கிறோம்: 'கொண்டுசெல்லப்பட்டார்கள்'.

ஸ்டெல்லன்போஷ் என்ற பெயரே 1679-இல் அதை நிறுவிய சைமன் வான் டெர் ஸ்டெல்லின் பெயரிலிருந்து வந்தது. ஊருக்குப் பக்கத்து மலையும் சைமனின் மலைதான். கான்ஸ்டன்ஷியா பண்ணையும் அவர் உண்டாக்கியதே. அங்கிருந்து போன இனிப்பு ஒயின் பின்னாளில் செயின்ட் ஹெலினாத் தீவில் சிறையிருந்த நெப்போலியனின் மேசைவரை போனது. இந்த சைமனின் தாய்வழிப் பாட்டி மோனிகா என்றொரு இந்தியப் பெண். அடிமையாக இருந்தவள் என்றே வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1950-இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் முன்னால் கொண்டு நிறுத்தியிருந்தால் வெள்ளை ஒயின் உலகத்தின் பிதாமகர் என்ன நிறம் என்று அதிகாரிகள் திண்டாடியிருப்பார்கள். பேரன் பெயரில் ஊரும் மலையும். பாட்டி பெயரில் நான் பார்த்தவரை ஒரு புட்டிகூட இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம், சூடாறுகிறது. மூன்றாவது கோப்பைக்குப் பக்கத்தில் பொபோட்டி. கொத்துக்கறியில் கறிமசாலாவும் உலர்திராட்சையும் சேர்த்து, மேலே முட்டையும் பாலும் ஊற்றி அடுப்பில் வேகவைப்பது. கூடவே மஞ்சள்பொடி போட்ட சோறு, ஆட்சார் என்ற ஊறுகாய், பிளாட்யாங் என்ற இனிப்புப் புளிப்புச் சட்னி. ஆட்சாரை நாக்கில் வைத்ததும் எங்கள் வீட்டு ஜாடி ஞாபகம் வந்ததை மறைக்கவில்லை. இந்தச் சமையலுக்குக் 'கேப் மலாய்' என்று பெயர். அந்தப் பெயருக்குள் ஜாவா, வங்கம், மலபார், சோழமண்டலம், மடகாஸ்கர் எல்லாவற்றையும் போட்டு மூடியிருக்கிறார்கள். இப்போது மேசையைப் பாருங்கள். ஒயினுக்கு ஆண்டு உண்டு, சரிவு உண்டு, தயாரித்தவரின் கையெழுத்து உண்டு. உணவுக்கு 'பாரம்பரியம்' மட்டும் உண்டு. அடிமைப் பெண்கள் எசமானியின் அடுப்பில் வருஷக்கணக்காகச் செய்து பார்த்துத் திருத்திய கண்டுபிடிப்பு 'பாரம்பரியம்' என்ற சொல்லால் யாருமே செய்யாததாக ஆகிவிடுகிறது. தானாக முளைத்த காளான் மாதிரி.

இனி அந்த வாளி. ஐந்து கோப்பை ருசித்துத் துப்புவது ஒரு உயர்ந்த பயிற்சி என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. குடியின் மேல் ஆட்சி செய்கிறவன் துப்புகிறான். இதே பண்ணைகளில் குடி பரிமாறப்பட்ட இன்னொரு முறைக்கு 'டொப்' என்று பெயர். கூலியின் ஒரு பகுதியாக மட்டமான, விலைபோகாத ஒயினை வேலையாட்களுக்கு நாளொன்றுக்குப் பலமுறை தகரக் குவளையில் ஊற்றிக் கொடுப்பது. அடிமைக் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பிறகு ஆளைப் பண்ணையோடு கட்டிப்போடும் கயிறாக அது மாறியது. மிஞ்சிய சரக்கும் தீர்ந்தது, கூலியும் மிச்சமானது, மறுநாள் காலையில் ஆளும் அதே வாசலில் வந்து நிற்பான். 1960-களில் சட்டம் இதைத் தடைசெய்தது. 1990-கள் வரையிலும் பல பண்ணைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் மேற்கு கேப் ஒன்று. தகரக் குவளைக்குப் பக்கத்தில் யாரும் வாளி வைக்கவில்லை.

ஆக ஒரே கொடி, ஒரே பழம், இரண்டு குடிகள். விருந்தாளி குடித்தால் அது பண்பாட்டுத் துறை, கூலியாள் குடித்தால் சுகாதாரத் துறை. இதை எழுதும்போது நம்மூர் நினைவு வராமல் இருக்குமா? 1987-இல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-இலிருந்து சாராய ஆலைச் சரக்கை அரசே கடை போட்டு விற்கிறது. மரமேறியின் கள் குற்றம், நட்சத்திர விடுதியின் ஒயின் ரசனை. குடியை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிற நம் முற்போக்காளர்கள் இந்தப் பாகுபாட்டுக்குத் தெரியாமலே காவல் நிற்கிறார்கள். குடிக்காமல் எழுந்து போயிருந்தால் நான் சுத்தமாகியிருப்பேனா? பண்ணைக்கு ஒரு விருந்தாளி குறைந்திருப்பான், அவ்வளவுதான். குடிப்பதன் இன்பத்தை மறுப்பதில் அரசியல் எதுவும் இல்லை. அந்த இன்பம் யாருக்கு இன்பமாகக் கணக்கில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

ரோலான் பார்த் 1957-இல் 'தொன்மங்கள்' நூலில் பிரெஞ்சுக்காரர்களின் ஒயினைப் பற்றி எழுதும்போது அல்ஜீரியாவை உள்ளே கொண்டுவருகிறார். நிலம் பறிகொடுத்த முஸ்லிம்மேல், அவன் குடிக்காத பானத்துக்கான பயிரைக் குடியேறிகள் சுமத்துவதைக் காட்டி, அதை மறந்தால்தான் ஒயினில் முழு ஆனந்தம் கிடைக்கும் என்கிறார். கூர்மையான வாசிப்பு. ஆனால் ஸ்டெல்லன்போஷுக்கு அது போதாது. அங்கே யாரும் எதையும் மறக்கவில்லை. புல்வெளி ஓரத்தில் அடிமை மணிக்கூண்டு வெள்ளையடித்துப் பளிச்சென்று நிற்கிறது. புது மணமக்கள் அதன் கீழே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அடிமைமுறை பற்றி வழிகாட்டி ஐந்து நிமிஷம் உருக்கமாகவே பேசினார். மேசையில் இருந்தவர்கள் தலை குனிந்து மௌனமாகக் கேட்டார்கள். பிறகு நான்காவது கோப்பை வந்தது. பினோட்டாஜ். 1925-இல் பெரோல்ட் இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உருவாக்கிய, அந்த ஊருக்கே உரிய கலப்பினம். (கலப்பு என்ற சொல்லைப் பெருமையாகச் சொல்ல அந்த நாட்டில் திராட்சைக்கு எவ்வளவு காலம் முன்பே அனுமதி கிடைத்திருக்கிறது, பாருங்கள்.) அங்கே வரலாறு மறைக்கப்படவில்லை, பரிமாறப்பட்டது. இரண்டு கோப்பைகளுக்கு நடுவே வாய் கொப்பளிக்கும் தண்ணீர் மாதிரி. பழைய கொடுமைக்கு நாம் தலை குனிந்தாயிற்று, ஆகவே இன்றைய கூலி பற்றிய கேள்வி நாகரிகமற்றதாகிவிடுகிறது.

நாகரிகமில்லாமல் கேட்டேன். வரிசையில் நிற்பவர்களுக்கு நாளைக்கு என்ன கூலி? வழிகாட்டி ஒரு கணம் நின்றார். 'சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி' என்றார். அந்த மார்ச் முதல் தேதியிலிருந்து மணிக்கு 25 ராண்ட் 42 சென்ட். ஒன்பது மணி நேரத்துக்கு 228 ராண்ட் சொச்சம். ஐந்து கோப்பைக்கும் ஐந்து வாய்ச் சாப்பாட்டுக்கும் நான் கட்டிய பணம் அதைவிடக் கொஞ்சம் கூட. இந்த 25 ராண்டும் சும்மா வரவில்லை. 2012-இல் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் டி டூர்ன்ஸில் திராட்சைத் தொழிலாளர்கள் நாள் கூலி 69 ராண்டை 150 ஆக்கு என்று சாலையை மறித்தார்கள். கொடிகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. மேற்கு கேப் முழுக்கப் பரவிய அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 2013 மார்ச்சில் 105 ராண்ட் கிடைத்தது. 'மறித்தார்கள்' - இதோ ஒரு செய்வினை. மணிக்கூண்டைப் பற்றித் தாராளமாகப் பேசிய அந்தச் சுற்றில் டி டூர்ன்ஸ் என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

கிளம்பும்போது நண்பர் கணக்குத் தீர்க்க உள்ளே போயிருந்தார். வழிகாட்டி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சக்கரத்தையும் மண்ணையும் விட்டுவிட்டு, தன் தாத்தா பக்கத்துப் பள்ளத்தாக்கில் பண்ணை வேலை பார்த்தவர் என்றார். அவருக்குக் கிடைத்த டொப்பைப் பாட்டி வாசலிலேயே காத்திருந்து வாங்கிக் கொட்டிவிடுவாராம். சில நாள் கொட்டாமல் தானே குடித்துவிடுவாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். 'பாட்டிக்கு எந்த ஒயின் பிடிக்கும்?' என்று கேட்டேன். 'இனிப்பானது. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே இனிப்பானதுதான். இங்கே அதைச் சொல்லக் கூடாது' என்றபடி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.